அரைக் கிண்ணம் கஸ்டர்டு

"வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். கல்யாண விருந்துக்கு அப்பா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் கஸ்டர்டுதான்."

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். எதிரே இருந்தவள் பேக்கரியில் கேக் செய்கிறவள். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருந்தார். வாரம் மூன்று நாள், இரண்டு வருடமாக.

"பால்ல பாஸ்பரஸ் இருக்கு, பொட்டாசியம் இருக்கு. அவரோட கிட்னியால அதை வெளியே தள்ள முடியாதும்மா."

"அதான் பாதிப் பால், பாதித் தண்ணி. நேத்தே செஞ்சு பார்த்துட்டேன். சோளமாவு போட்டா நல்லா கெட்டியா வருது."

"முந்திரி, பாதாம்?"

"கிட்டவே சேர்க்கல."

"சாக்லேட்?"

"மூச்! வெறும் வெனிலாதான்."

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷமா உப்பில்லாச் சாப்பாடு, அளந்து வச்ச தண்ணி. 'இந்த உடம்பை வச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிக்கப் போறேன்'னு இங்க வரவே அடம் பிடிச்சவர் மேடம். இப்போ ஆறு மாசமா எனக்கு முன்னாடி தலை சீவிக்கிட்டு வாசல்ல நிக்கறார்."

"வீட்டுல கல்யாணம்னா அப்பாவுக்குத் தெம்பு தானா வந்துடும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஆலோசகர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். டாக்டரிடமும் போனில் ஒரு வார்த்தை கேட்டார்.

"பாஸ்பரஸ் கட்டுக்குள்ளதான் இருக்கு. அரைக் கிண்ணம், அதுக்கு மேல ஒரு ஸ்பூன்கூட கூடாது. அன்னிக்கு வேற பால், தயிர் கிடையாது. கஸ்டர்டும் அன்னிக்குக் குடிக்கிற தண்ணிக் கணக்குலதான் சேரும். சாப்பாட்டோட போடற மாத்திரையை மறந்துடாதீங்க."

அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். படுத்திருந்தவரின் முகம் மலர்ந்துபோனது.

கதவுவரை போனவள் தயங்கி நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும் மேடம். பொண்ணுக்கும் அரைக் கிண்ணம்தானா?"

"நல்லா இருக்கே! கல்யாணப் பொண்ணுக்கு என்னம்மா கட்டுப்பாடு? நீ வயிறு நிறையச் சாப்பிடு!"

"ஐயோ, பொண்ணு நான் இல்ல மேடம், நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி" என்றாள் அவள். "அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில மெஷின் போட்டிருக்காங்களே, டெய்லரம்மா... அவங்கதான் பொண்ணு!"