ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

"கண்ணு தெரியாத மனுசனைக் கூட்டிட்டுப் போயி வேலை வாங்குறாரே, அந்த பாய்க்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

தங்கப்பொண்ணு புருசனின் கைக்கு மருந்து தடவிக்கொண்டே பொரிந்து தள்ளினாள். மொக்கைச்சாமியின் வலது கையில், போன ஞாயிற்றுக்கிழமை சுட்ட புண் இன்னும் ஆறவில்லை.

"சூடான சைலன்சர்ல நானாத்தான் கையை வச்சேன். அவரு என்ன செய்வாரு?"

"மூணு மாசமா வாரம் தவறாம ரிப்பேர். அம்புட்டு ஓட்டை வண்டியை எதுக்கு வச்சிருக்கணும்? இன்னைக்கு நேர்ல கேட்டுட்டு வாரேன்."

மொக்கைச்சாமி தல்லாகுளத்தில் முப்பது வருசம் கார் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். ரெண்டு வருசத்துக்கு முன்னால் சுகர் அவர் கண் ரெண்டையும் வாங்கிக்கொண்டது.

ஆனையூரில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான் உமர் பாரூக். கீழவாசலில் இரும்புக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறார். ரெண்டு பேர் மட்டும் உட்காரலாம். மாதுளைச் சிவப்பு. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, வாசல் ஷெட்டிலேயே பிரித்துப் போட்டு உயிர் கொடுத்தவர். மதுரை வெயிலை இன்ஜின் தாங்க வேண்டும் என்று எலக்ட்ரிக் ஃபேன்கூட மாட்டியிருந்தார்.

தங்கப்பொண்ணு தெருவைக் கடந்து போனாள். கேட் பாதி திறந்திருந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை, உதறல் இல்லை. அவ்வளவு சீரான சத்தம்.

பானெட்டுக்குள் குனிந்திருந்த பாரூக், ஸ்க்ரூடிரைவரை எடுத்து எதையோ அரைச் சுற்றுத் திருகினார். உடனே வண்டி விக்கியது. தடதடவென்று உதறியது. அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன பாய் இது! நல்லா ஓடுற வண்டியை நீங்களே கெடுத்து விட்டுட்டு, என் வீட்டு ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குறீங்களா?"

பாரூக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது.

"மதினி... சத்தம் போடாதீங்க. அண்ணன் காதுல விழுந்துரும்."

"விழட்டும்! அவரு கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நேத்து முழுக்க அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். இங்க பாருங்க."

சைலன்சர் குழாய் நெடுகச் சூடு தாங்கும் துணி இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. பக்கத்துச் சுவரில் ஸ்பேனர்கள் ஆணி ஆணியாக அளவு வாரியாகத் தொங்கின. கை நீட்டினாலே எது எங்கே என்று தெரிந்துவிடும்.

"கண்ணு போன பெறகு அண்ணன் வீட்டை விட்டு வெளிய வந்தாரா மதினி? நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். 'இனிமே நான் எதுக்கு லாயக்கு பாய்'னு படுத்துக்குவாரு."

படுத்த படுக்கையாய், சுவர்ப் பக்கம் திரும்பி அவர் கிடந்த அந்த மாதங்கள் தங்கப்பொண்ணுக்குத் தெரியும்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இந்த வண்டி நிசமாவே மக்கர் பண்ணுச்சு. ரெண்டு மெக்கானிக் வந்து பாத்தாங்க, பிடிபடலை. அண்ணன் உங்க வீட்டு ஜன்னல்ல இருந்தே குரல் கொடுத்தாரு. 'பாய், ரெண்டு கார்புரேட்டர்ல முன்னாடி உள்ளது பெட்ரோலை ஜாஸ்தி குடிக்குது'ன்னு. அப்புறம் அவரே வந்து சரி பண்ணாரு. அன்னைக்கு அவரு முகத்தை நீங்க பாத்திருக்கணும் மதினி. அதை வாரம் ஒருக்காவாவது பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை."

கீழே கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தெருவில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மொக்கைச்சாமி கேட்டைத் தாண்டும் முன்பே குரல் கொடுத்தார்.

"பாய்! இன்னைக்குப் பின்னாடி கார்புரேட்டர். வாசல்லயே கேக்குது!"

"எனக்கென்னண்ணே தெரியும்? காலையில இருந்து உசிரை வாங்குது."

மொக்கைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயாகக் காட்டி, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டார். விரல்கள் திருகாணியைத் தேடிப் பிடித்தன. கால் சுற்று. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் பின்னால்.

உதறல் நின்றது. வண்டி ஒரே சீராக ஓடியது.

பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "யாருண்ணே மெக்கானிக்? என் வண்டியையும் பாப்பாரா?"

"ஆனையூர்லயே இவரை விட்டா ஆள் கிடையாது" என்றார் பாரூக்.

மொக்கைச்சாமி நெஞ்சை நிமிர்த்தினார். "முப்பது வருசம் தம்பி. கண்ணா வேலை பாத்துச்சு? காதுதானே பாத்துச்சு!"

புருசன் அப்படி நிமிர்ந்து நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று! தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வாரா வாரம் போயிட்டு வாங்க. பாவம், நீங்க இல்லாட்டி அந்த வண்டி ஓடாதாம்."

மொக்கைச்சாமி சிரித்தார்.

"கூறு கெட்டவளே, சரி பண்ணி விட்ட கார்புரேட்டர் எங்கயாச்சும் வாரா வாரம் தானா கெடுமா? பாய்தான் திருகி விடுறாருன்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்."

அவள் திகைத்து நின்றாள். "தெரிஞ்சுமா போறீங்க?"

"பாய் சம்சாரம் ஜெயினம்பு தங்கச்சி மௌத்தாகி, அவரு தனியாளாகி ஒரு வருசம் ஆகப்போகுது. பிள்ளைக ரெண்டும் துபாய்ல. நானும் போகலைன்னா, அந்த மனுசன் ஞாயித்துக்கிழமை யாருக்குன்னு டீ போடுவாரு?"