கொடியில் தொங்கிய நெஞ்சுக்கூடு

மீரான் பாய் தன் நெஞ்சுக்கூட்டை வாசல் துணிக்கொடியில் மாட்டி வைத்திருந்தார், இரண்டு கிளிப் போட்டு.

பாலக்கரையில் அந்தத் தெருவே திரண்டு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. எக்ஸ்ரே படத்தை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்று பார்த்தார்கள்.

"பாய், வெள்ளை வெள்ளையா ஓடுதே, அதெல்லாம் என்னங்க?"

"விலா எலும்பு. பன்னிரண்டு ஜோடி. சந்தேகம்னா எண்ணிக்கோ."

"ஈரல் எங்க பாய்?"

"அது கூச்சப்பட்டுக்கிட்டு படத்துக்கு வரல."

"ஐயோ, வலிச்சுதா?"

"வலியாவது! மூச்சைப் பிடின்னாங்க, பிடிச்சேன். விடுன்னாங்க, விட்டேன். டாக்டரே அசந்துட்டாரு. இப்பேர்ப்பட்ட நெஞ்சுக்கூட்டைத் திருச்சி ஜில்லாவிலேயே பார்த்ததில்லைன்னாரு!"

எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற வள்ளிக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவள் புருஷன் பெரியண்ணன் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை அவர் துண்டில் ரத்தம் பார்த்தாள். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் வாங்க என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"அங்க போய் உக்காந்தா காசம்னு ஊரே முடிவு கட்டிடும். அப்புறம் நம்ம பொண்ணு மயிலம்மாளை எவன்டி கட்டுவான்?" என்று அடித்துச் சொல்லிவிட்டார் மனுஷன்.

பாயின் மனைவி சுராயாகூட ஒருநாள் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அண்ணனை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எங்க வீட்டுல சொல்லச் சொன்னாங்க."

"ஓகோ, மீரான் சொல்லி நான் போகணுமாக்கும்!" அன்றோடு மருந்துக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார் பெரியண்ணன்.

அப்படி ஒரு பொருத்தம் இருவருக்கும். இவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி, அவருக்குப் பெரிய கடைவீதியில் குடைக்கடை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பாய் புதுச் சைக்கிள் வாங்கினால், மறுவாரம் இவர் வாசலில் டைனமோ விளக்கோடு ஒன்று நிற்கும். பாய் ரேடியோ வாங்கினார். இவர் அதைவிடப் பெரிய ரேடியோ வாங்கினார். சாயங்காலமானால் இரண்டும் ஒரே பாட்டைப் போட்டி போட்டுக் கத்தும். தெருவுக்கே கொண்டாட்டம். ஹும், அதெல்லாம் ஒரு காலம்! வீம்பு பிடிக்கக்கூட அப்போது மனுஷனுக்கு எதிர்வீட்டுக்காரன் முகம் தெரிந்திருந்தது.

ஆனால் அன்றைக்கு வள்ளிக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள். கூட்டம் வழி விட்டது.

"ஏன் பாய், எதிர்வீட்டுல ஒரு மனுஷன் இருமி இருமிச் செத்துக்கிட்டிருக்காரு. இங்க என்ன, எலும்புக் கண்காட்சியா? நீங்க நல்லா இருப்பீங்களா?"

பாய் சிரித்தார்.

"கோவிச்சுக்காதே தங்கச்சி. எனக்கு இருக்கு, காட்டறேன். உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்கூடு ஏது? படம் எடுத்தா நாலு முருங்கைக்காய்தான் விழும்!"

தெரு கொல்லென்று சிரித்தது. வள்ளிக்கண்ணுவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பெரியண்ணன் நின்றார்.

"வள்ளி, சட்டையை எடு! ஜட்காவைக் கூப்பிடு! யாருக்கு முருங்கைக்காய்னு நாளைக்கு நம்ம வாசல்ல தொங்கவிட்டுக் காட்டறேன்!"

குதிரைவண்டி, பாய் படம் எடுத்த அதே கண்டோன்மென்ட் டாக்டர் வீட்டில்தான் போய் நின்றது. அங்கே அமிர்தசாமி என்பவர் படம் பிடித்தார்.

வலது பக்கம் ஒரு நிழல் விழுந்திருந்தது.

"நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். அன்றைக்கே ஊசி ஆரம்பித்தது.

பெரியண்ணன் அந்தப் படத்தை வாசலில் தொங்கவிடவில்லை. மீரான் பாயும் தன் படத்தை மறுநாளே கழற்றிவிட்டார். ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையுமாகப் போனது. இருமல் நின்றது, உடம்பு தேறியது, பழையபடி மண்டிக்கும் போக ஆரம்பித்தார். மயிலம்மாளுக்குத் தொட்டியத்தில் நல்ல இடமும் அமைந்தது.

கல்யாணப் பத்திரிகையோடு வள்ளிக்கண்ணு கண்டோன்மென்ட்டுக்குப் போனாள். டாக்டருக்கு வைத்துவிட்டு அமிர்தசாமியிடமும் ஒன்றை நீட்டினாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. தெருவுல எல்லாருக்கும் வச்சாச்சா?"

"எல்லாருக்கும் வச்சாச்சுங்க, எதிர்வீட்டு மீரான் பாயைத் தவிர. ஆயுசுக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒருத்தன் உசுருக்குப் போராடறப்ப, எதிர்ல நெஞ்சைக் காட்டிப் பீத்திக்கிட்ட ஆளுங்க அவரு."

அமிர்தசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"குடைக்கடை மீரான் பாயா? உங்களுக்கு விஷயமே தெரியாதாம்மா?"

"என்ன விஷயம்?"

"அவருக்கு உடம்புல ஒரு குறையும் கிடையாது. நல்லா இருக்கிறவருக்கு எக்ஸ்ரே எதுக்குன்னு டாக்டர் நாலு நாள் திருப்பி அனுப்பினாரு. நாலு நாளும் காசநோய்க்காரங்க நடுவுல உக்காந்திருந்தாரு, ஊரே பாக்கறதேன்னு ஒரு கூச்சம் இல்ல. அஞ்சாவது நாள் டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரும்மா. 'நான் சொன்னா எதிர்வீட்டுக்காரன் கேக்க மாட்டான் சார். ஆனா எங்கிட்ட ஒண்ணு இருந்துட்டா, அது அவனுக்கும் வேணும்'னு."