ஒரு பிரச்சினையும் இல்லை

அணைநீர் திறப்பை ஊர்களுக்கு அறிவிக்கும் இணையதளத்தைப் பூங்கோதை பராமரித்தாள். 'புதுப்பிக்கவும்' என்று திரையில் வரும் எச்சரிக்கைகளைக் கண்டாலே அதிகாரி ஞானவரதனுக்கு எரிச்சல். அவற்றை மறைக்கும் செயலியைத் தளத்தில் போட்டது போதாதென்று, தன் காதுக்கருவியிலும் போட்டுக்கொண்டார். அதன்பின் யார் எச்சரித்தாலும் அவர் காதில் விழவில்லை.

"சார், புதுப்பிக்காம தளமே முடங்கிருச்சு! மதகைத் திறக்கப் போறாங்க, ஊருக்குத் தகவல் போகல!" என்று ஒருநாள் கத்தினாள் பூங்கோதை.

அவர் பெருமையாகச் சிரித்தார். "பாத்தியாம்மா, ஒரு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல. இதுதான் நிர்வாகம்."

மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, பூங்கோதை ஆற்றோர வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். ஐந்தாவது வீடு ஞானவரதனுடையது.

"அவர் ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள் அவர் மனைவி.

"அவருக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நீங்க பிள்ளைகளோட மாடிக்கு ஏறுங்க."