பெயிண்ட் அடித்த கட்டி

கரையில் இரண்டு அலுமினியப் படகுகள் விற்பனைக்குக் கிடந்தன. இரண்டின் அடியிலும் ஒவ்வொரு துத்தநாகக் கட்டியைத் திருகியிருந்தார்கள், கடலில் உப்பு படகை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டியைத் தின்னட்டும் என்று.

நீலப் படகு சொன்னது: "ஒன் கட்டியைப் பாரு, எலி கடிச்ச கருப்பட்டி மாதிரி. என் முதலாளி கட்டிக்கும் சேத்து பெயிண்ட் அடிச்சாரு. மூணு வருஷமா ஒரு கீறல் இல்ல."

சாம்பல் படகு வெட்கப்பட்டு, "எனக்குப் பாதிதான் மிச்சம்" என்றது.

படகு வாங்க வந்த சிலுவைப்பிச்சை நீலப் படகின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. பெயிண்டுக்குள் இருந்த கட்டியை உப்பு தொடவில்லை, படகைத் தின்றிருந்தது.

அவர் சாம்பல் படகைப் பேசி முடித்தார். பிறகு விற்பவரிடம் சொன்னார்: "அந்த நீலத்துக் கட்டியையும் கழத்திக் குடுங்க. பெயிண்டைச் சுரண்டிட்டு இதுல மாட்டிக்கிடுதேன்."