கண் உயரத்தில் ஒரு டேப்

கதாநாயகன் தன் பங்கை நடித்து முடித்துவிட்டுப் போய்விட்டான். நாயகியின் க்ளோஸப் மட்டும் பாக்கி. அவள் பார்வை சரியான இடத்தில் நிற்பதற்காக, கேமராவுக்குப் பக்கத்திலிருந்த விளக்கு ஸ்டாண்டில், அவன் கண் இருக்கக்கூடிய உயரத்தில் ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டினார்கள்.

"திரும்பி வருவியா?" என்று அவள் டேப்பைப் பார்த்துக் கேட்டாள். கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணே, என்னையா கேக்குறா?" என்றது டேப்.

ஸ்டாண்ட் சிரித்தது. "நெனப்புதான். எடிட்டிங்ல இதுக்கு அடுத்து அவன் மூஞ்சிய வெச்சிருவாங்க. நீ நாலு விரல் நீளம்டா."

ஆறு டேக் போனது. விளக்குச் சூட்டில் பசை இளகி, டேப்பின் ஒரு ஓரம் பிரிந்தது. அவள் முடிக்கும்வரை விழக் கூடாதென்று அது மறு ஓரத்தால் பற்றிக்கொண்டது. அவள் கேட்கும்போதெல்லாம் "வருவேன்" என்றது.

ஆறாவது டேக் ஓகே ஆனதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். யாரோ டேப்பைப் பிய்த்துக் கசக்கி எறிந்தார்கள்.

மறுநாள் வேறு காட்சி. அதே ஸ்டாண்டில் புது டேப்பை ஒட்டினார்கள். அவள் வந்து எதிரில் நின்றாள்.

"அண்ணே, இந்தப் பொண்ணு யாரைப் பாக்குது?" என்றது புது டேப்.

ஸ்டாண்ட் மூலையில் கசங்கிக் கிடந்த நேற்றைய டேப்பைப் பார்த்தது.

"உன்னைத்தான்" என்றது பிறகு. "கெட்டியாப் பிடிச்சுக்கோ."