சங்கு கைமாறாது

ஒரு கடற்கரையில் செந்நண்டுகளும் வரிநண்டுகளும் காலிச் சங்குகளில் குடியிருந்தன. முன்பு வரிநண்டுகள் நல்ல சங்குகளையெல்லாம் வளைத்துப்போட்டதால், மிஞ்சிய சின்னச் சங்குகளைச் செந்நண்டுகளுக்கென்று ஒதுக்கினார்கள். அவை செந்நண்டுகளுக்குள் மட்டுமே கைமாறலாம் என்று சட்டமும் போட்டார்கள்.

செவந்தி என்ற செந்நண்டுக்கு வீடு கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். இப்போது அவள் உடம்பு வளர்ந்துவிட்டது. சங்கு நெரித்தது.

பக்கத்து வீட்டு வரிநண்டுப் பெரியவருக்கோ தன் பெரிய சங்கை இழுத்துக்கொண்டு நடக்கத் தெம்பில்லை.

“மாத்திக்கலாமா தாயி? ரெண்டு பேருக்கும் நிம்மதி” என்றார்.

செவந்தி செந்நண்டுத் தலைவரிடம் ஓடினாள்.

“நம்ம ஆளுங்களுக்குள்ள மாத்திக்கோம்மா” என்றார் தலைவர்.

“நம்ம ஆளுங்க யார்கிட்டயும் பெரிய சங்கே இல்லையே, தலைவரே! நமக்கு ஒதுக்கினதெல்லாம் சின்னதுதானே?”

“இன்னைக்கு உன் சங்கு போகும், நாளைக்கு எல்லாமே போயிரும். மனு குடு, கூட்டத்துல பேசுறோம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.”

நண்டுக்கு ஏது பல்? சங்கை விட்டு வெளியே வந்தால் காக்கை கொத்திவிடும். செவந்தி உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள்.

மூன்றாம் பௌர்ணமிக்குத்தான் மனுவை விசாரிக்க வந்தார்கள். அவள் சங்குக்குள்ளேயே நெரிபட்டுச் செத்துக் கிடந்தாள். துண்டு துண்டாகத்தான் வெளியே எடுக்க முடிந்தது. வரிநண்டுப் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

தலைவர் சங்கைக் கழுவச் சொன்னார். அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“நல்லவேளை, நம்ம சங்கு நம்மகிட்டயே இருக்கு” என்றார்.