பூட்டு விட்டுப்போன கோப்பு

காலை வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. நேற்று அலுவலகக் கோப்புகளைப் புதுக் கணினிக்கு நகலெடுத்தபோது அவற்றின் பூட்டுகள் கூடவே வரவில்லை. ரகசியப் புகார்கள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. கணினிப் பொறுப்பாளர் பதறிப்போய் ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார். தன் கையைப் பிடித்து இழுத்த மேலாளர்மேல் புகார் எழுதிய தட்டச்சர், பொறுப்பாளரின் நாற்காலியைப் பற்றியபடி நிற்கிறாள்.

“யாராவது பாத்துட்டாங்களாண்ணா?”

யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயர். பொறுப்பாளர் அதை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

“மேனேஜர்தாம்மா. ஒன்பதே காலுக்கு. நான் சரிபாத்திருக்கணும், என் தப்பு.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து மேலாளர் இவளையே பார்க்கிறார். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

“என் புகார் லெட்டர ரெண்டு பிரின்ட் போடுங்கண்ணா. ஒண்ணு அவர் மேஜைக்கு.”

“இன்னொண்ணு?”

“நோட்டீஸ் போர்டுக்கு.”